இரண்டாம் பட்டமாக நர்ஸிங்: பிரவேசத்துக்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வேறொரு துறையில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் உத்தியோகமும் பார்த்த பிறகு, இனி நர்ஸாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட ஒருவருக்கு, உயர்நிலைப் பள்ளியை விட்டு நேரே வருகிற பிள்ளைகளோடு அமர்ந்து நான்கு ஆண்டுப் படிப்பை அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. முதல் பட்டத்தில் முடித்த பொதுப் பாடங்களை ஏற்றுக்கொண்டு, நர்ஸிங் பாடங்களையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் மட்டும் செறிவாகக் கற்பித்து, பெரும்பாலும் 11 முதல் 18 மாதங்களுக்குள் பி.எஸ்.என். என்ற நர்ஸிங் இளங்கலைப் பட்டம் தரும் துரித வகுப்புகளை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. மிஸ்ஸௌரி மாநிலத்து ஸெயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் இந்த வழியைத் திறந்தது. 1974-இல் யேல் பல்கலைக்கழகம், நர்ஸிங் அறியாத பட்டதாரிகளை முதுகலை வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. இப்போது இத்தகைய வகுப்புகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இந்நூலின் வாசகர்களில் பலர் சென்னையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர்களாக இருப்பார்கள் என்பதால், அவர்களுக்கென்று பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டியவற்றையும் உரிய இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

நர்ஸுகளுக்குப் பஞ்சம் என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதிவரும் ஒரு தேசத்தில், நர்ஸிங் வகுப்பில் இடம் பெறுவது ஏன் இத்தனை பிரயாசையாக இருக்கிறது என்று கேட்பது நியாயமே. 2021-ஆம் ஆண்டில், அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் எடுத்த கணக்கின்படி, இளங்கலை, முதுகலை வகுப்புகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, யோக்கியதை இருந்தும் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் 91,938. ஒருவரே நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பது வழக்கமாகையால், இதை ஆட்களின் எண்ணிக்கையாகக் கொள்ளலாகாது. ஆயினும் நெருக்கடி மெய்யானது. இதற்குக் காரணம் ஆசிரியர்களின் குறைவும், பயிற்சிக்கு இடம் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளின் குறைவுமே. முதுகலைப் பட்டம் பெற்ற ஒரு நர்ஸ் வார்டில் வேலை பார்த்தால் கிடைக்கும் சம்பளம், வகுப்பறையில் பாடம் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மேலும் பயிற்சி மாணவர்களை ஒரு வார்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குமேல் நிறுத்தவும் முடியாது, ஏனெனில் அங்கே படுத்திருப்பவர்கள் நோயாளிகள். ஆகையால் இடம் கிடைக்காமற் போன ஒருவர், தமக்கு இத்தொழிலுக்கான தகுதியே இல்லை என்று மனம் உடைந்துபோவதற்கு நியாயமில்லை.

தேர்வுக் குழுவின் முன்னே ஒரு விண்ணப்பம் வரும்போது அது முதலில் எதைப் பார்க்கிறது என்பதில்தான் பலரும் தவறான அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள். பழைய பட்டத்தின் பெருமையையும், பெரிய கம்பெனியில் வகித்த பதவியையும், தொண்டுள்ளத்தைப் பற்றி எழுதும் உருக்கமான கட்டுரையையும் நம்பி இருப்பவர்கள், எல்லாவற்றுக்கும் மூலமான ஒன்றை அலட்சியம் செய்துவிடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் பெற்ற மதிப்பெண்ணை யாராலும் இப்போது மாற்ற முடியாது; ஆனால் அண்மையில், விஞ்ஞானப் பாடங்களில், குடும்பப் பொறுப்புகளுக்கும் வேலைக்கும் நடுவே ஒருவர் எப்படிப் படித்தார் என்பது, துரித வகுப்பின் கடுமையை அவர் தாங்குவாரா என்ற கேள்விக்கு நேரான விடை. அந்த விடையைத் தருவன பூர்வாங்கப் பாடங்களே. பிரவேசம் என்பது விண்ணப்பம் அனுப்பும் மாதத்தில் நிர்ணயமாவதில்லை. அதற்கு ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ முன்பு, அந்தப் பாடங்களுக்குப் பெயர் பதிவு செய்கிறபோதே பெருமளவு நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தப் பாடங்கள் எவை? கல்லூரிக்குக் கல்லூரி சிறிது வேறுபட்டாலும், உடற்கூறும் உடலியக்கமும் முதற்பகுதி, அதே பாடத்தின் இரண்டாம் பகுதி, நுண்ணுயிரியல், ரசாயனம் ஆகிய நான்கும் ஆய்வுக்கூடப் பயிற்சியோடு பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுபவை. இவற்றோடு புள்ளியியல், பொது மனோதத்துவம், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி பற்றிய மனோதத்துவம், போஷாக்கு ஆகியவை சேரும். முதல் நான்கும் சாமானியமாகப் பாடத்துக்கு 4 கிரெடிட். பின்னவை 3 கிரெடிட். ஆக 28 கிரெடிட். இந்த 28 என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் பட்டத்தில் 120 கிரெடிட்டுக்கு 2.8 ஜி.பி.ஏ. (4.0 அளவிலான மதிப்பெண் சராசரி) வாங்கிய ஒருவர், பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் 3.0 என்ற எல்லைக்கு வெளியே நிற்கிறார். அவர் இந்த 28 கிரெடிட்டிலும் ‘ஏ’ வாங்குவாரானால், மொத்தக் கணக்கு 148 கிரெடிட்டுக்கு 448 புள்ளிகளாகி, ஜி.பி.ஏ. 3.03 ஆகிறது; வாசலுக்கு உள்ளே வந்துவிட்டார். அதோடு, பல கல்லூரிகள் பூர்வாங்கப் பாடங்களின் ஜி.பி.ஏ.யைத் தனியே எடுத்து நோக்குகின்றன. அங்கே இவருடைய மதிப்பெண் 4.0. சில கல்லூரிகள் கடைசி 60 கிரெடிட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதும் உண்டு. பழைய கணக்கு சரியில்லாதவர்கள் அத்தகைய கல்லூரிகளைத் தேடிப் பிடித்து விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

இப்பாடங்களைப் படிக்க உகந்த இடம் வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜ். கட்டணம் குறைவு, மாலை வகுப்பும் வார இறுதி வகுப்பும் உண்டு. ஆனால் வரிசை முறையை மறந்துவிடக் கூடாது. உடற்கூறு இரண்டாம் பகுதியில் சேர முதற்பகுதி முடிந்திருக்க வேண்டும். நுண்ணுயிரியலுக்குச் சில கல்லூரிகள் ரசாயனத்தையோ பொது உயிரியலையோ முன்னதாகக் கேட்கும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பதிவு செய்யும் நாள் கடைசியில்தான் வரும் என்பதால், ஆய்வுக்கூட இடங்கள் அதற்குள் நிரம்பிவிடுவதும் சகஜம். ஆகவே முதல் பருவத்தில் ரசாயனமும் புள்ளியியலும், அடுத்த பருவத்தில் உடற்கூறு முதற்பகுதியோடு மனோதத்துவம், அதற்கடுத்து உடற்கூறு இரண்டாம் பகுதி, பிறகு நுண்ணுயிரியல் என்று பருவத்துக்கு ஒரு கனமான பாடமும் ஒரு லேசான பாடமுமாக வகுத்துக்கொள்வதே நல்லது. முழுநேர வேலையில் இருந்துகொண்டே உடற்கூற்றையும் நுண்ணுயிரியலையும் ஒரே பருவத்தில் எடுப்பவர் இரண்டிலும் ‘பி’ வாங்கி, ஒரு பருவத்தை மிச்சப்படுத்தி, ஓராண்டை இழப்பார். விஞ்ஞானப் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதிப்பதால், பழைய பட்டத்தில் படித்த ரசாயனம் இப்போது செல்லுமா என்பதையும், கணினி வழியாகச் செய்த ஆய்வுக்கூடத்தை ஏற்பார்களா என்பதையும், தாங்கள் விரும்பும் கல்லூரியிடம் எழுத்து மூலமாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உடற்கூற்றில் மிகப் பலர் சறுக்குவது ஆய்வுக்கூடத் தேர்வில்தான். அறையைச் சுற்றி மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் எலும்போ, உறுப்பின் மாதிரியோ, நுண்ணோக்கியின் கீழ் ஒரு திசுவோ இருக்கும். அதன் ஓரிடத்தில் எண் ஒட்டிய ஊசி குத்தியிருக்கும். மணி அடித்ததும் மாணவர் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். இடையில் கிடைப்பது ஒரு நிமிஷம் அல்லது சற்று அதிகம். அதற்குள் ஊசி சுட்டுவது தொடை எலும்பின் எந்த மேடு, வலப்பக்கமா இடப்பக்கமா என்று கண்டு, லத்தீன் பெயரை எழுத்துப் பிழையின்றி எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களும் உண்டு. புத்தகத்தின் வர்ணப் படங்களை மட்டும் பார்த்து மனனம் செய்தவருக்கு, அந்த நிறங்கள் ஒன்றும் இல்லாத மெய்யான எலும்பு அந்நியமாகத் தோன்றும். ஆகையால் ஆய்வுக்கூடம் திறந்திருக்கும் நேரங்களில் சென்று, மாதிரிகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, கைபேசியில் படம் எடுக்க அனுமதி இருந்தால் எடுத்துக்கொண்டு, வீட்டில் அவற்றைப் பார்த்தே எழுதிப் பழக வேண்டும். நுண்ணுயிரியலிலும் இப்படியே: பாக்டீரியாவை ஊதாச் சாயத்திலும், அயோடினிலும், ஆல்கஹாலிலும், கடைசியாகச் சிவப்புச் சாயத்திலும் அடுத்தடுத்து நனைத்து வகை பிரிக்கும் கிராம் சோதனையில், ஆல்கஹாலைச் சில விநாடிகள் கூடுதலாக விட்டுவிட்டால் விடையே தலைகீழாகிவிடும். எந்த வகைப் பாக்டீரியா என்பதைப் பொறுத்தே டாக்டர் மருந்து எழுதுகிறார், நர்ஸ் அதைச் செலுத்துகிறார் என்பதை அந்த மேசையருகே நிற்கும்போதே உணர்ந்து படிப்பவருக்கு, இப்பாடங்கள் வெறும் தடைக்கற்களாகத் தோன்றா.

இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு பூர்வாங்க வேலை உண்டு. அவர்களுடைய பட்டத்தை அமெரிக்க அளவுக்கு மதிப்பிட்டுச் சொல்லும் டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற ஸ்தாபனங்களிடம், பாடம் பாடமாக மதிப்பிடும் விரிவான அறிக்கையையே கேட்டுப் பெற வேண்டும். பட்டத்தின் பெயரை மட்டும் உறுதி செய்யும் சுருக்க அறிக்கை நர்ஸிங் பிரவேசத்துக்குப் பெரும்பாலும் போதாது. இதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டும். கல்லூரி ஆபீஸில் ஒரு கையெழுத்து, பல்கலைக்கழகத்தில் ஒரு முத்திரை என்று அது அலைந்து வந்துசேர மாதங்கள் ஆகலாம். ஊரில் இருக்கும் தம்பியையோ அத்தையையோ நம்பி அனுப்பும் காரியமாகவே பெரும்பாலும் இது முடிகிறது. ஆகவே முதல் பாடத்துக்குப் பதிவு செய்யும் வாரத்திலேயே இதையும் தொடங்கிவிட வேண்டும். நம் நாட்டின் 62 சதவிகிதத்தை 4.0 அளவில் தாமே வகுத்துப் பார்த்து, இது தேறாது என்று ஒதுங்கிவிடுவது பெரும் தவறு. நம் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண் முறை அந்த மதிப்பீட்டாளர்களுக்கு நன்கு தெரியும். மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.காம். பட்டம் பெற்றவர்கள் மாத்திரம், தங்கள் பட்டம் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுகிறதா என்பதை, பணம் செலவழிக்குமுன் தாங்கள் நாடும் கல்லூரியிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நுழைவுத் தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு அதிகமில்லை. பல கல்லூரிகள் ஏ.டி.ஐ. நடத்தும் டீஸ் தேர்வையும், சில ஹெஸி ஏ2 தேர்வையும் கேட்கின்றன. எதையும் கேட்காத கல்லூரிகளும் உண்டு. டீஸ் தேர்வில் 209 நிமிஷங்களில் 170 கேள்விகள். வாசித்தறிதல், கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் என்று நான்கு பகுதிகள். எஞ்சினீயரிங் படித்தவருக்குக் கணக்கு விளையாட்டாக இருக்கும். விஞ்ஞானப் பகுதியிலோ உடற்கூறே பெரும்பங்கு. ஆதலால் உடற்கூறு இரண்டாம் பகுதியை முடித்த சூட்டோடு, பாடம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே, இத்தேர்வை எழுதிவிடுவது உத்தமம்.

அனுபவம் என்ற விஷயத்தில் ஆஸ்பத்திரித் தொண்டர் பணியை நாடுகிறவர்கள் அதிகம். அது நல்லதே, ஆயினும் வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் நர்ஸிங் உதவியாளர் பயிற்சி பெற்று, சில மாதங்களாவது வேலை பார்ப்பது அதைவிடப் பன்மடங்கு மேல் என்பேன். மத்திய சட்டம் அப்பயிற்சிக்குக் குறைந்தது 75 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. பல மாநிலங்கள் இதற்கு மேலும் கேட்கின்றன. படுக்கையிலிருப்பவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும், மலஜலம் துடைப்பதும், நினைவு மங்கிய முதியவர் கோபத்தில் கையை உதறும்போது பொறுமையோடு நிற்பதும் தமக்குக் கூடுமா என்பதை, பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது யாவருக்கும் நல்லது.

விண்ணப்பக் கட்டுரையில் இந்த அனுபவமே உயிர் தரும். சிறுவயது முதலே பிறருக்குச் சேவை செய்ய ஆசை என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழுவினர் ஒரு பருவத்தில் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். மாறாக, மென்பொருள் சோதனைத் துறையில் பத்தாண்டு வேலை பார்த்த ஒரு பெண்மணி, தம் மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிய இரவை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நர்ஸுகள் படுக்கையருகே வந்து, ஒருவர் கைப்பட்டையிலிருந்து பெயரையும் பிறந்த தேதியையும் உரக்கப் படிக்க, மற்றவர் ரத்தப் பையின் எண்ணையும் ரத்த வகையையும் ஒப்பிட்டுச் சொல்ல, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே குழாயைத் திறந்தார்கள். முதல் கால் மணி நேரம் ஒருவர் அங்கேயே நின்று நாடியையும் உடற்சூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை நேர இடமே இல்லாதபடி ஒரு காரியத்தை எப்படி அமைப்பது என்று தாம் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகச் சிந்தித்துவந்ததை, இங்கே ஒரு மனித உயிரின் பக்கத்தில் நின்று செய்கிறார்கள் என்று அவர் கண்டதாக எழுதினால், அவருடைய பழைய தொழிலும் புதிய விருப்பமும் ஒரே இழையில் சேர்ந்துவிடுகின்றன. நேர்முகத்தில், அப்படியானால் ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று கேட்டால், நர்ஸின் வேலை டாக்டர் வேலையின் குறைந்த வடிவமன்று, அது வேறொரு வித்தை, நோயாளியோடு பன்னிரண்டு மணி நேரம் இருப்பவர் கவனிக்கக்கூடியவை வேறு என்று, தாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லியே விடையளிக்க வேண்டும். நம் சொந்தபந்தங்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்கும் இதுவே விடை.

கல்லூரியைத் தெரிந்தெடுப்பதில் பெயருக்கு மயங்காமல் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மாநில நர்ஸிங் போர்டின் அங்கீகாரமும், சி.சி.என்.இ. அல்லது ஏ.ஸி.இ.என். என்ற தர நிர்ணயச் சபையின் அங்கீகாரமும் இருக்கின்றனவா என்பது முதலாவது. பின்னது இல்லாத இடத்தில் படித்தால், மேற்படிப்புக்குப் போகும்போது கதவுகள் அடைபடும். பட்டதாரிகளில் எத்தனை பேர் என்கிளெக்ஸ் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார்கள் என்பது இரண்டாவது. இக்கணக்கைப் பல மாநிலங்களின் போர்டுகள் ஆண்டுதோறும் பிரசுரிக்கின்றன, 80 சதவிகிதத்துக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கல்லூரியைத் தவிர்ப்பது நலம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்பது மூன்றாவது; விடியற்காலையில் வார்டில் நிற்க வேண்டிய தாய்க்கு இது சின்ன விஷயமன்று. விண்ணப்பங்களைப் பல கல்லூரிகள் நர்ஸிங்காஸ் என்ற பொது வழியாகவே பெறுவதால், ஐந்தாறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதில் அதிகச் சிரமமில்லை. அவற்றில் இரண்டேனும் சொந்த மாநிலத்து அரசாங்கக் கல்லூரிகளாக இருக்கட்டும்.

பண விஷயத்தில் ஏமாற்றம் அடையாதிருக்க, ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவருக்குப் பெல் கிராண்ட் என்ற மத்திய உதவித்தொகை கிடைக்காது என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசுக் கடன் கிடைக்கும். ஆனால் சுயேச்சையான இளங்கலை மாணவருக்கு வாழ்நாள் உச்ச வரம்பு 57,500 டாலர், முதல் பட்டத்துக்கு வாங்கியதும் அதில் அடங்கும். பற்றாக்குறையான இடங்களில் குறைந்தது இரண்டாண்டு சேவை செய்ய உடன்படுவோருக்கு நர்ஸ் கார்ப்ஸ் என்ற மத்திய உபகாரச் சம்பளம் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஹெச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கல்லூரியில் படிக்கத் தடையில்லை. இந்த அரசுக் கடன்களோ உபகாரச் சம்பளமோ அவர்களுக்கு இல்லை, வேலைக்குத் தனி அனுமதியும் வேண்டும், சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு ஹெச்-1பி பெறுவதும் அரிது. சில மாநிலங்களில் உரிமம் வழங்கவே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கிறார்கள். ஆகவே அவர்கள் பாடப் பதிவுக்கும் முன்னதாகக் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

துரித வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால், கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டு நர்ஸிங் படிப்பை இழிவாக எண்ணவேண்டாம், அதில் தேறியவர் எழுதுவதும் அதே என்கிளெக்ஸ், பெறுவதும் அதே உரிமம், பி.எஸ்.என். பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே பிறகு பெறலாம். கலிபோர்னியாவில் பல அம்சங்களைப் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான சட்டம், ஆங்கிலமல்லாத பிற மொழி அறிவையும் ஓர் அம்சமாகக் கொள்ளச் சொல்கிறது. இந்திய உபகண்டத்து மொழிகள் அதில் சேர்ந்திருப்பதால், நம் தாய்மொழிக்கும் அங்கே புள்ளி பெற வழியிருக்கிறது.

கடைசியாக ஓர் உடல்நல விஷயம். ஆஸ்பத்திரிக்குள் மாணவரை விடுமுன் அம்மை, ஹெப்பட்டைட்டிஸ் பி, காசநோய் ஆகியவற்றுக்கான அத்தாட்சிகளைக் கல்லூரி கேட்கும். நம் நாட்டில் குழந்தையாக இருக்கையில் பி.ஸி.ஜி. குத்திக்கொண்டவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை, நோய்க்கிருமி இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டிவிடலாம். அதனால் எக்ஸ்ரே, மறு சோதனை என்று வீண் அலைச்சல் வரும். ஆகையால் ரத்தத்தில் செய்யும் சோதனையையே ஆரம்பத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியின் பழைய மூன்று தவணை முறை முடிய ஆறு மாதம் ஆகிறது. சேர்க்கைக் கடிதத்துக்கும் வகுப்பு ஆரம்பத்துக்கும் நடுவே அத்தனை காலம் பெரும்பாலும் இராது. ஊரில் போட்ட ஊசிக்குக் காகிதம் கிடைக்காதவர்கள், விண்ணப்பம் அனுப்பும் மாதத்திலேயே ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முதல் தவணையைப் போட்டுக்கொண்டு, தேதியும் முத்திரையும் உள்ள சீட்டை மற்றச் சான்றிதழ்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.